எல்ஸர் படம்: அந்தத் தூணை ஏன் காட்டாமல் விட்டார்கள்?

வணக்கம் மக்களே. பட்டறையில் இருந்துதான் பேசுகிறேன், பக்கத்தில் மரம் அறுக்கிறார்கள், இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் பலகை வீடியோவின் இரண்டாம் பாகம் அடுத்த வாரம் கண்டிப்பாக வரும். இன்றைக்கு ஒரு படத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். மூன்று நாளாக எந்த வேலையைத் தொட்டாலும் அதுதான் மனதில் ஓடுகிறது.

'த சோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' பார்த்துவிட்டு நான் பேசிய வீடியோ ஞாபகம் இருக்கும். அதில் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதை முகாமின் தளபதியாக வந்தாரே கிறிஸ்டியான் ஃப்ரீடல், அவரே 2015இல் ஹிட்லரைக் கொல்ல முயன்ற தச்சராகவும் நடித்திருக்கிறார் என்று கமெண்டில் ஒருவர் எழுதியிருந்தார். தச்சர் என்று படித்த உடனே தேடிப் பிடித்துவிட்டேன். படத்தின் பெயர் 'எல்ஸர்', ஆங்கிலத்தில் '13 மினிட்ஸ்'. ஹிட்லரின் கடைசி நாட்களை வைத்து 'டவுன்ஃபால்' எடுத்த ஆலிவர் ஹிர்ஷ்பீகல்தான் இதற்கும் இயக்குநர்.

படத்தை ஆன்லைனில் வாடகைக்கு எடுத்துத்தான் பார்த்தேன், அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. 149 ரூபாய். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தேன், பாதியில் தூக்கம் வந்தது, நிறுத்தினேன். ஞாயிறு முழுக்க ஒரு வீட்டில் அலமாரி மாட்டும் வேலை. திங்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், தொடங்கி 48 மணி நேரம் ஆகிவிட்டது, மறுபடி பணம் கட்டு என்கிறது. மிச்சம் இருந்தது 22 நிமிடம்! அந்த 22 நிமிடத்துக்கு இன்னொரு 149. ஆக மொத்தம் 298 ரூபாய், அந்தக் காசுக்கு ஒரு நல்ல உளி வாங்கியிருப்பேன். இதை வாடகை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. கட்டினேன், முடிவு தெரிந்தாக வேண்டுமே.

சரி, கதைக்கு வருகிறேன். கேயார்க் எல்ஸர், 1903இல் பிறந்தவர், தெற்கு ஜெர்மனியில் கோனிக்ஸ்ப்ரோன் என்ற ஊரில் வளர்ந்தவர். தச்சு வேலை, அப்புறம் கொஞ்ச காலம் கடிகாரத் தொழிற்சாலை. ஸிதர் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். எந்தக் கட்சிக்காரரும் அவரை அனுப்பவில்லை. போர் வரப்போகிறது, இந்த ஆளை நிறுத்தினால்தான் அதை நிறுத்த முடியும் என்று 1938இல் தானாக முடிவெடுக்கிறார். மியூனிக்கில் பியுர்கர்ப்ராய்கெல்லர் என்று ஒரு பெரிய பியர் மண்டபம், வருடா வருடம் நவம்பர் 8ஆம் தேதி ஹிட்லர் அங்கே பேசுவான். மேடைக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குள் குண்டு வைத்து 9.20க்கு வெடிக்கும்படி செய்தார். 1939இல் அன்றைக்குப் பார்த்து மூடுபனி, விமானத்தை நம்ப முடியாது, ரயிலைப் பிடிக்க ஹிட்லர் 9.07க்கே கிளம்பிவிட்டான். அந்த 13 நிமிடம்தான் ஆங்கிலத் தலைப்பு. செத்தவர்கள் 8 பேர், அதில் ஒரு பெண் அங்கே பரிமாறிக்கொண்டிருந்தவர். அந்தப் பெண்ணை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. படத்திலும் செத்தவர்கள் விவரம் தெரியும்போது ஃப்ரீடலின் முகம் இருக்கிறதே, அப்படியே இடிந்துபோகிறார். அந்த நடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

பிடிக்காததைச் சொல்கிறேன். படத்தில் பெரும்பகுதி விசாரணையும் சித்திரவதையும், நடுநடுவே பழைய நினைவுகளில் எல்ஸா என்ற பெண்ணோடு காதல். காதல் இருக்கட்டும். ஆனால் அந்தத் தூண்? அதைக் குடைய முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் மக்களே! சாயங்காலம் அங்கேயே போய்ச் சாப்பிடுவார், அப்புறம் மாடியில் ஒளிந்துகொள்வார், கதவு பூட்டினதும் டார்ச் விளக்கில் நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு முட்டி போட்டு வேலை. முட்டி புண்ணாகிச் சீழ் பிடித்தது. மூடின மண்டபத்தில் செங்கல்லில் உளி வைத்தால் எப்படிக் கேட்கும்? அங்கே கழிப்பறையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகத் தண்ணீர் கொட்டும், அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் காத்திருந்து அந்தச் சில நொடியில் மட்டும் பலமாக அடிப்பார். விழுகிற தூளையெல்லாம் பிடித்து, பெட்டியில் போட்டு வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதையெல்லாம் படம் ஒரு மிதியில் தாண்டிப் போய்விடுகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். தூணைச் சுற்றி மரப்பலகை அடித்திருந்தது. அந்தப் பலகையிலேயே ஒரு கதவு வெட்டி, மூடினால் இடைவெளியே தெரியாத மாதிரி பொருத்தினார். உள்பக்கம் தகரம் அடித்தார், யாராவது தட்டினால் வெற்று ஓசை வரக்கூடாது, தோரணம் கட்ட ஆணி அடித்தாலும் உள்ளே இறங்கக்கூடாது. கடிகாரச் சத்தம் வெளியே வராமல் இருக்கத் தக்கை. கடிகாரமும் இரண்டு, ஒன்று நின்றால் இன்னொன்று.

நேற்று நானும் ஒரு தேக்குப் பலகையை எடுத்து அந்த மாதிரிக் கதவு மட்டும் வெட்டிப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், மேஜை மேல், என் உளி எல்லாம் கையில் இருக்கும்போதே இரண்டு தடவை விளிம்பு பிய்ந்தது. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது, அம்மாவிடம் காட்டி எங்கே கதவு என்று கேட்டேன், தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்! ரொம்ப சந்தோஷம் எனக்கு. அவர் இதை இருட்டில், முட்டி போட்டுக்கொண்டு, மாட்டினால் உயிர் போகும் என்ற நிலையில் செய்திருக்கிறார்.

நான் ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஒரு தச்சன் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்றுதான் ஹிட்லரும் நினைத்தான், பிரிட்டிஷ் உளவுத்துறை செய்த வேலை என்று பத்திரிகையில் போட்டார்கள். போர் முடிந்த பிறகும் அவர் நாஜிகளுடைய ஆள்தான் என்று வதந்தி. 1964இல் விசாரணைப் பதிவு கிடைத்த பிறகுதான் எல்லாம் அவர் ஒருவரே செய்தது என்று தெளிவானது. அந்தச் சந்தேகத்துக்குப் பதில் அந்த இரவு வேலையில்தான் இருக்கிறது, அதைப் பத்து நிமிடம் நிதானமாகக் காட்டியிருந்தால் பார்ப்பவர் யாருக்கும் சந்தேகமே வராது. ஆர்துர் நேபே என்ற போலீஸ் அதிகாரியைக் கொஞ்சம் மனசாட்சி உள்ளவனாகக் காட்டியதும் எனக்கு ஒட்டவில்லை. 1941இல் கிழக்கே யூதர்களைக் கொன்ற படை ஒன்றுக்குத் தலைவன் அவன்.

டாம் குரூஸ் நடித்த 'வால்கிரி'யோடு ஒப்பிடச் சொல்லி நிறையப் பேர் கேட்பீர்கள். அது 1944 ஜூலை, பெரிய பெரிய ராணுவ அதிகாரிகள் சேர்ந்து ஹிட்லரைக் கொல்லப் பார்த்தது. இவர் ஐந்து வருடத்துக்கு முன்பே, போலந்து மேல் படையெடுப்பதற்கும் முன்பே, தனியாக ஆரம்பித்துவிட்டார். எனக்கு இவர்தான் ஒசத்தி.

எல்ஸரை சுவிட்சர்லாந்து எல்லையில், கான்ஸ்டன்ஸில், குண்டு வெடிப்பதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். அந்த மண்டபத்தின் படம் போட்ட தபால் அட்டை அவர் பையிலேயே இருந்தது. நீதிமன்ற விசாரணையே நடத்தாமல் வதை முகாம்களில் வைத்திருந்து, 1945 ஏப்ரல் 9ஆம் தேதி டாஹவ் முகாமில் சுட்டுவிட்டார்கள். 20 நாள் கழித்து அமெரிக்கப் படை உள்ளே வருகிறது. அந்தத் தேதி திரையில் வந்தபோது எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டேன்.

ஐயோ, முக்கியமானது ஒன்று. கடிகாரம் எல்லாம் வைத்து முடித்து, ஸ்டுட்கார்ட்டில் இருந்த அக்கா தங்கைகளில் ஒருவரைப் பார்க்கப் போய்விட்டார். அப்படியே எல்லைக்குப் போயிருக்கலாம். 7ஆம் தேதி ராத்திரி திரும்பி வந்து, மறுபடி உள்ளே ஒளிந்து, அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டார். ஓடுகிறது. அப்புறம்தான் கிளம்பினார். எங்கள் அப்பாவும் பழைய சுவர்க் கடிகாரம் சரி செய்தால் ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் படுப்பார், நான் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேக்குக் கதவு வீடியோ வெள்ளிக்கிழமை போடுகிறேன், மூன்று தடவை வெட்டியதும் அதில் இருக்கும். வரேன் மக்களே.