இந்தப் புரதம் யாரைத் தொடுகிறது? தரவுத்தளத்தின் 16ஆம் நிரல் சொல்லும் பதில்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன்.

ஏ.ரி.எம். என்ற மனிதப் புரதத்தைப் பற்றி ஒரு தரவுத்தளம், "இது பிற புரதங்களில் பொசுபேற்றுக் கூட்டத்தைச் சேர்க்கும் நொதியம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், வாசிப்பவருக்குக் கிடைப்பது பாதித் தகவலே. ஏனெனில் இதே தொழிலைச் செய்யும் கைனேசு நொதியங்கள் மனிதரில் 500க்கும் மேல் உள்ளன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவது, அது எந்தப் புரதத்தின் மீது வேலை செய்கிறது என்பதுதான். அந்த இலக்கை எங்கே, எந்த ஆதாரத்தோடு எழுதிவைக்கிறார்கள் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழ ஈ, மதுவம், சுண்டெலி ஆகியவற்றின் தரவுத்தளங்களைப் பராமரித்த ஆய்வாளர்கள் 1998இல் ஒன்றுசேர்ந்து ஜீன் ஒன்டோலொஜி என்னும் பொதுச் சொற்றொகுதியைத் தொடங்கினார்கள். ஒரு பரம்பரையலகின் விளைபொருள் செய்யும் தொழில், பங்கெடுக்கும் செயன்முறை, கலத்தில் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் அதில் பதிவாகின்றன. ஒவ்வொரு பதிவும் 17 நிரல்கள் கொண்ட ஒரு வரி.

(திரையில்: வரியின் 6, 7, 8, 16ஆம் நிரல்கள் நிறமிட்டுக் காட்டப்படுகின்றன.)

6ஆம் நிரலில் ஆய்வுக் கட்டுரையும் 7ஆம் நிரலில் சான்றின் வகையும் இருக்கும். இலக்கு எழுதப்படும் இடம் 16ஆம் நிரல். ஏ.ரி.எம். வரியில் அங்கே, புற்றுநோய் உருவாகாமல் தடுக்கும் பி53 என்ற புரதத்தின் இலக்கமான பி04637 (யூனிப்ரொட் என்ற புரதத் தரவுத்தளம் கொடுத்தது) வந்தால், பதிவு முழுமை பெறுகிறது. "புரதத்துடன் பிணைகிறது" என்ற பொதுவான பதிவில் மட்டும், கூட்டாளியின் இலக்கம் சான்றோடு சேர்ந்து 8ஆம் நிரலில் வரும்.

இதனால் என்ன இலாபம்? எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையின் கடன் கொப்பியை எண்ணிப் பாருங்கள். "அரிசி 5 கிலோ, கடன்" என்று எழுதிவிட்டு வாங்கியவர் பெயரை எழுதாவிட்டால், மாதக் கடைசியில் யாரிடம் போய்க் கேட்பது? பெயர் இருந்தால் அந்தக் கொப்பியை இரண்டு பக்கமாகவும் வாசிக்கலாம்: கடைக்காரர் யார் யாருக்குக் கொடுத்தார் என்றும் கேட்கலாம், ஒரு வீட்டுக்கு எந்தெந்தக் கடையில் கடன் இருக்கிறது என்றும் கேட்கலாம். இலக்கு பதிவான தரவுத்தளத்திலும் அப்படியே. பி53 மீது யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தேடினால், பொசுபேற்றைச் சேர்க்கும் ஏ.ரி.எம்.மும், யுபிகுயிற்றின் என்ற சிறு புரதத்தை இணைத்துப் பி53ஐ அழிவுக்கு அனுப்பும் எம்.டி.எம்.2உம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். பி53 தன் பங்குக்கு எந்தப் பரம்பரையலகுகளை இயக்குகிறது என்று கேட்டால், கலப்பிரிவை நிறுத்தும் பி21உம் அதே எம்.டி.எம்.2உம் கிடைக்கும். தன்னை அழிக்கும் புரதத்தைத் தானே உண்டாக்கத் தூண்டும் இந்தச் சுற்று எனக்கு மிகவும் பிடித்தது. இலக்குகள் பதிவாகியிருப்பதால்தான் கணினியாலும் அதைக் கண்டுகொள்ள முடிகிறது.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன். ஒரு புரதத்தை இலக்கு என்று எழுத எந்தச் சான்று போதும்?

(திரையில்: ஏ.ரி.எம்.மிலிருந்து பி53க்கு ஓர் அம்பு. செக்2 வழியாக இன்னோர் அம்பு.)

டி.என்.ஏ.யின் இரு இழைகளும் அறுந்தால் ஏ.ரி.எம். விழிக்கிறது. அது பி53இன் 15ஆவது அமினோ அமிலமான செரீனில் நேரடியாகப் பொசுபேற்றைச் சேர்க்கிறது. அதேவேளை செக்2 என்ற இன்னொரு கைனேசையும் அதன் 68ஆவது அமினோ அமிலமான திரியோனினில் தொட்டு எழுப்புகிறது. எழுந்த செக்2 பி53இன் 20ஆவது அமினோ அமிலமான செரீனில் பொசுபேற்றைச் சேர்க்கிறது. இப்போது ஏ.ரி.எம். இல்லாத கலங்களை எடுத்து, பி53இல் பொசுபேற்றுக் குறைந்திருப்பதை மட்டும் ஓர் ஆய்வாளர் கண்டால், அது நேரடித் தொடுகையின் இழப்பா, செக்2 வழியான இழப்பா என்று அந்த ஒரு முடிவை வைத்துச் சொல்ல இயலாது. தூய்மைப்படுத்திய நொதியத்தையும் இலக்குப் புரதத்தையும் சோதனைக்குழாயில் தனியே சேர்த்துப் பார்க்கும்போதுதான் நேரடித் தொடர்பு தெளிவாகும். 15ஆவது செரீனுக்கு அந்தச் சான்று 1998இல் வெளியானது. ஆனால் சோதனைக்குழாயில், கலத்துக்குள் ஒருபோதும் சந்திக்காத புரதங்களைக்கூட ஒரு கைனேசு தொடக்கூடும். ஆகவே இரண்டு வகைச் சான்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். கட்டுரையை வாசித்துப் பதிவு செய்பவர், தலைப்பில் சொல்லப்பட்டதை விட்டுவிட்டு, எந்த வரைபடம் எதைக் காட்டுகிறது என்று பார்த்தே எழுதுகிறார். ஊகத்தால் நிரப்பிய 16ஆம் நிரலைவிட வெறுமையான 16ஆம் நிரலே மேல் என்பது என் உறுதியான கருத்து. தவறான இலக்கு ஒன்று உள்ளே போனால், அதை நம்பி வரையப்படும் எல்லா வலையமைப்புகளிலும் அது பரவிவிடும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளே, இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் குயிக்-கோ தளத்தைத் திறந்து, ஏ.ரி.எம்.மின் இலக்கமான கியூ13315ஐத் தேடுங்கள். 16ஆம் நிரலின் விவரம் உள்ள ஒரு வரியைத் தெரிந்து, அதற்குரிய கட்டுரையை எடுத்து, இலக்கை நிறுவும் வரைபடம் எது என்று கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.