2 கிராம் மஞ்சள் சத்து முழுங்கியும் ரத்தத்துல காணோம்! ஏன்?

(திரையில்: ஈரோட்டு மார்க்கெட்டில் விரலி மஞ்சள் குவியல்)

வணக்கமுங்க. செடிச் சத்து உடம்புல எவ்வளவு சேருதுன்னு ஆளுங்களை வெச்சு எப்படிச் சோதிக்கறாங்கன்னு பார்ப்போம். 1998-ல வெளிவந்த பெங்களூரு ஆய்வு இது. நோய்நொடி இல்லாத ஆளுங்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தாங்க. மஞ்சளுக்கு நிறம் தர்ற சத்து அது. தூள்ல நூத்துக்கு 3 பங்குதான் இருக்கும், அப்ப 60 கிராம் தூளுக்கு மேல தின்ன கணக்கு! ரத்தம் எடுத்துப் பார்த்தா ஒண்ணும் தட்டுப்படலை, பட்டாலும் துளியூண்டு. குடலும் கல்லீரலும் அதை உருமாத்தி வெளியே தள்ளிருது. அப்புறம் 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகோட காரச் சத்து, கூடச் சேர்த்தாங்க. உடம்புல சேர்ற அளவு 2,000 சதவீதம் ஏறிருச்சுங்க!

நோயும் வேற மாத்திரையும் குறுக்க வராம இருக்கத்தான் ஆரோக்கியமானவங்களை எடுக்கறது.

(திரையில்: காலை உணவுத் தட்டு)

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், சாப்பாட்டுத் தட்டு. இன்னொரு செடிச் சத்தை எடுத்துக்கலாம். கஞ்சாச் செடியில இருக்கற, போதை தராத சிபிடிங்கற சத்து எண்ணெயில கரையற சரக்கு. அதனால ஒரு நாள் வெறும் வயித்துல, இன்னொரு நாள் கொழுப்புச் சாப்பாட்டோட கொடுத்துப் பார்ப்பாங்க. முந்தின ராத்திரி 10 மணி நேரம் பட்டினி. அமெரிக்க மருந்துத் துறை சொல்ற மாதிரித் தட்டு: வெண்ணெயில பொரிச்ச முட்டை 2, பன்றிக்கறித் துண்டு 2, வெண்ணெய் தடவின ரொட்டி 2, பொரிச்ச உருளைக்கிழங்கு, முழுக் கொழுப்புப் பால் 240 மில்லி. மொத்தம் 800 முதல் 1,000 கலோரி, அதுல பாதி கொழுப்பு. அரை மணி நேரத்துல தின்னு முடிக்கணும், மருந்துக்கு 240 மில்லி தண்ணி, அப்புறம் 4 மணி நேரம் எதுவும் கூடாது. இப்படித் தின்னவங்க உடம்புல சிபிடி சுமார் 4 மடங்கு சேருதுங்க!

நம்மூர்ல இட்லி வெச்சா அந்தக் கொழுப்பு வராது. அரிசிம்பருப்புச் சோத்துல நெய்யை அளந்து ஊத்தலாம். ஆனா குர்குமின் ஆய்வுன்னா அந்தச் சோத்துலயே மஞ்சள் இருக்கே! முந்தின நாள் மிளகு ரசமும் கணக்கைக் கெடுக்கலாம். அதனால சமையலை ஆய்வுக்காரங்களே பண்ணிப் போடறதுதான் சரின்னு நான் சொல்லுவேன். காப்ஸ்யூலும் உள்ள இருக்கறது தெரியாத உறையா இருக்கணும். மஞ்சள் நிறம் தெரிஞ்சா யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத போலின்னு குட்டு உடைஞ்சுரும்.

கல்லீரலையும் பாருங்க. 2025-ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல, எடையில கிலோவுக்கு தினம் 5 மில்லிகிராம் வீதம் 28 நாள் சிபிடி எடுத்தவங்கள்ல நூத்துக்கு 5 பேருக்கு மேல கல்லீரல் அடிபட்டா ரத்தத்துல ஏறுற என்சைம், இயல்பான உச்ச வரம்பைப் போல 3 மடங்கைத் தாண்டுச்சு. வாராவாரம் ரத்தம் பார்த்ததாலதான் பிடிபட்டுது.

பைப்பரின் மஞ்சளை மட்டும் ஏத்தாது. வலிப்புக்குத் தர்ற ஃபெனிடாயினையும் ரத்தத்துல ஏத்தும். அந்த மாத்திரை எடுக்கறவங்க டாக்டர்கிட்டச் சொல்லாம மஞ்சள் காப்ஸ்யூலைத் தொடாதீங்க. உங்க டப்பாவுல பைப்பரின் எத்தனை மில்லிகிராம்னு பார்த்துக் கமென்ட்ல போடுங்க.