கட்டிலுக்கு வந்த சண்டை

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நனவிலி மனத்தைப் பற்றி, அதாவது நமக்கே தெரியாமல் நம்மை ஆட்டுவிக்கிற மனத்தின் பகுதியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கம் பாகப்பிரிவினை நடக்கிற ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். தோட்டம் எத்தனை ஏக்கர், வண்டித்தடம் எந்தப் பக்கம், கிணற்றில் யாருக்கு எந்த முறை என்று பெரிய விஷயமெல்லாம் மத்தியானத்துக்குள் பேசி முடித்துவிடுவார்கள். பத்திரம் எழுதப் போகும் நேரத்தில், அய்யன் படுத்திருந்த கயிற்றுக் கட்டில் எனக்கு வேணும் என்பார் தம்பி. அண்ணன் விடமாட்டார். விற்கப் போனால் யாரும் வாங்காத கட்டில். "சரிங்கண்ணா, நீங்களே வச்சுக்குங்க" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர், அப்புறம் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக்கூட எட்டிப் பார்க்க மாட்டார்.

இரண்டு பேரிடமும் காரணம் இருக்கும். கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது நான் என்பார் ஒருவர். மூத்தவனுக்குத்தானே சேர வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ஆனால் ஐம்பது வயது ஆள் ஒரு கட்டிலுக்காகக் கண் கலங்கும் அளவுக்கு அந்தக் காரணங்களில் வலு இல்லை. அய்யனுக்கு யார் மேல் பிரியம் அதிகம் என்ற ஆறு வயதுக் கேள்வி இன்னும் உள்ளே கிடக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்க முடியாது. அதனால் அது கட்டில் மேல் ஏறிக்கொள்கிறது. ஓரிடத்து உணர்ச்சி இன்னோரிடத்தில் போய் இறங்குவதை உளவியலில் இடப்பெயர்ச்சி என்கிறார்கள். இது தெரிந்தே செய்கிற தந்திரம் இல்லை. கட்டிலைக் கேட்கிறவருக்கே தெரியாது.

இந்தப் பார்வையை முறையாகக் கட்டி எழுப்பியவர் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. யோசெஃப் பிராயர் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து 1895இல் ஹிஸ்டீரியா பற்றி ஒரு நூல் எழுதினார். உடம்பில் காரணம் தெரியாத நோய்க்குறிகளுக்கு அன்று வைத்திருந்த பெயர் அது. அதில் 'அன்னா ஓ.' என்று வருகிறவர் பிராயரிடம் சிகிச்சைக்கு வந்த பெண். நோயில் கிடந்த தகப்பனாருக்குப் பணிவிடை செய்தவர். கடும் வெயில் காலத்தில் அந்தப் பெண்ணுக்குத் தாகம் தாங்கவில்லை. ஆனால் டம்ளர் உதட்டில் பட்டதுமே தள்ளிவிடுவார். வாரக்கணக்கில் பழங்களைத் தின்றே தாகம் தணித்தார். ஒருநாள் அறிதுயில் (ஹிப்னாடிச) நிலையில் பேச்சு வந்தது: கூட இருந்த ஆங்கிலப் பெண்மணியின் நாய் டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்திருக்கிறார். குமட்டியிருக்கிறது. மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தை அன்று கொட்டித் தீர்த்தார். உடனே தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

கோபத்திலும் 'ங்க' போட்டே பேசுகிற நம் ஊருக்கு இந்தச் சம்பவம் ரொம்ப நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெர்த்தா பாப்பென்ஹைம் என்பது உண்மைப் பெயரான அந்தப் பெண் அத்தோடு பூரண குணமாகிவிடவில்லை; பிறகும் மருத்துவமனைகளில் இருந்திருக்கிறார். ஆனால் 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கி நடத்தியவரும் அவர்தான்.

மனத்தை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மூன்றாக ஃப்ராய்டு பிரித்துச் சொன்னது 1923இல். ஆசை, அதைச் சமாளிக்கிற 'நான்', உள்ளே இருந்து அதட்டுகிற பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈகோவை, இட் என்ற குதிரை மேல் உட்கார்ந்தவனுக்கு ஒப்பிட்டார் ஃப்ராய்டு. காங்கேயம் காளை பூட்டிய வண்டியை ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: சில நேரம் காளை போகிற பக்கம்தான் நாமும் போக நினைத்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் 'சொல்லிக்கொள்வது' மனத்தின் தற்காப்பு உத்திகளில் ஒன்று; அப்படிப்பட்ட உத்திகள் பலவற்றை 1936இல் விரிவாக எழுதியவர் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு.

ஃப்ராய்டோடு இருந்து 1911இல் பிரிந்த வியன்னா மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஆட்லர், அண்ணன் தம்பி வரிசையில் எந்த இடத்தில் பிறந்தோம் என்பதே ஆளை உருவாக்குவதில் பெரும் பங்கு வகிக்கிறது என்றார். அவரே இரண்டாவது பிள்ளை. அவருடைய அண்ணன் பெயரும் சிக்மண்டு! ஃப்ராய்டின் இந்த முறைக்கு உளப்பகுப்பாய்வு என்று பெயர். நம் நாட்டில் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ். ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதி, ஒத்துப்போகாத இடங்களை அவரிடமே சொன்னவர். அந்தத் துணிச்சல் நமக்கும் வேண்டும்.

ஏனென்றால் ஃப்ராய்டு சொன்னதெல்லாம் வேதம் இல்லை. வியன்னாவின் சில நோயாளிகளை வைத்து உலகத்துக்கே பேசினார். பெண்களைப் பற்றி அவர் எழுதியதை, கேரன் ஹார்னி என்ற பெண் உளப்பகுப்பாய்வாளர் நேருக்கு நேர் மறுத்தார். இந்தக் கோட்பாட்டை வைத்து எந்த நடத்தைக்கும் விளக்கம் சொல்லிவிடலாம், பொய்யென்று நிரூபிக்க வழியே இல்லை என்றார் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர். நியாயமான குறைதான். கட்டிலைப் பற்றி நான் சொன்னதும் ஒரு யூகம்தானே? சம்பந்தப்பட்டவர் தாமாகப் பேசி, ஆமாம் என்று உணரும் வரை அது யூகம் மட்டுமே.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், மருமகளிடம் "உன் ஆழ்மனசுல இதுதான் இருக்கு" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அது அவர்கள் வாயை அடைக்கும். பேசவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள். வீட்டில் பேசித் தீராது என்றால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சரி, உங்கள் கேள்விகளைக் கேளுங்க. கடைசி வரிசையில் இருக்கும் அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்குகிறார்கள், மைக்கை முதலில் அங்கே கொடுங்க.