தாய் மீனை விடுங்கள், கணக்கையும் எழுதுங்கள்

தலைவர் அவர்களே, தூண்டில் நண்பர்களே,

நான் பெரிய மீனை ஆற்றிலேயே விடச் சொல்லும் கட்சி. அதற்காக மீன் குழம்புக்கு எதிரி அல்ல. ஜிலேபி மீன் எவ்வளவு பெரிதாகக் கிடைத்தாலும் தாராளமாகக் கொண்டுபோங்கள். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. சட்டிக்குப் போனால் காவிரிக்கு நட்டமில்லை.

என் கவலை திமில் மஹசீரைப் பற்றியது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன் அது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மீன் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. இவ்வளவு பெரிய மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பது தெளிவானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டது. பெயர் கிடைத்த கையோடு இப்படியொரு சான்றிதழ்!

பெரியதை ஏன் விட வேண்டும்? முட்டைக்காக. எடை இரட்டித்தால் முட்டையும் இரட்டிக்கும் என்று நாம் மனக்கணக்குப் போடுகிறோம். ஆனால் அட்லாண்டிக் கடலின் காட் மீனில் 30 கிலோ தாய் ஒன்று இடும் முட்டைகள், 2 கிலோ தாய்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம். நம் கொடுவா இன்னும் விசித்திரம்: ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் விட வேண்டும், 120 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் விட வேண்டும். வீட்டுக்கு நடுத்தரம், எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

சரி, விட்டுவிட்டால் இனம் பிழைத்துவிடுமா? கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள காலிபோர் தூண்டில் முகாமின் கதையைக் கேளுங்கள். அங்கே பிடித்த மஹசீரை எடை பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, ஆற்றிலேயே விட்டார்கள். 1998 முதல் 2012 வரை 6,000க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அப்படிச் சேர்ந்தது. அதை ஆய்வாளர்கள் அலசியபோது, மொத்த மஹசீர் எண்ணிக்கை ஏறித்தான் இருந்தது. ஆனால் ஏறியது நீலத்துடுப்பு மஹசீர், வெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்ட இனம். திமில் மஹசீர் அருகிக்கொண்டே போனது. கிடைத்தவற்றின் சராசரி எடை மட்டும் கூடியது. சிறியவை வரவில்லை என்பதுதான் அதன் பொருள். பெரிய மீன் மாட்டுகிறதே என்று கரையில் மகிழ்ந்த காலத்திலேயே, ஆற்றுக்குள் அந்த இனம் கிழடாகிக்கொண்டிருந்தது.

"விடத்தான் போகிறீர்கள் என்றால் பிடிப்பானேன்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் குறிப்பேடு. தூண்டில்காரர் எழுதியிராவிட்டால் இந்தச் சரிவு யாருக்கும் தெரிந்திருக்காது. மீனுக்கு வலிக்காது, வேதனை இல்லை என்றெல்லாம் நான் வாதாட வரவில்லை. கோடையில் நீர் வற்றிச் சூடேறியிருக்கும்போது, நெடுநேரம் இழுபட்டுக் களைத்த மீன் விட்ட பிறகும் செத்துப்போகலாம். அந்த நாட்களில் தூண்டிலை வீட்டிலேயே வையுங்கள்.

மற்ற நாட்களில் தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை, அதாவது மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் பின்முனையை, நசுக்கிவிட்டுப் போடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். எந்த இனம் என்று கண்டுகொள்ளத் துடுப்பின் நிறம் படத்தில் தெரியட்டும். அன்றிரவே தேதி, இடம், நீளம், இனம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஒன்றுமே கிடைக்காத நாளையும் எழுதுங்கள்.