முதலில் எழுதியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"சமூக நீதியை முன்னெடுத்தவை பெரும் நாளிதழ்களா, இயக்கங்கள் நடத்திய சிறிய இதழ்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. சிறிய இதழ்களே என்று சொல்ல வந்திருக்கிறேன். நானும் ஒரு பெரிய நாளிதழில் வேலை பார்க்கிற பத்திரிகைக்காரன்தான். இருந்தும் இந்த அணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், சுதேசமித்திரன் நடத்திய ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றிச் சொன்னார். கணவனை இழந்த தன் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தவர், சாதிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சாதவர் என்றார். அத்தனையும் உண்மை. அவரை நானும் வணங்குகிறேன். ஆனால் அது ஒரு மனிதரின் துணிச்சல். அதையே பெரிய பத்திரிகைகள் எல்லாவற்றின் போக்காகக் காட்டினால் எப்படி?

சரி, அதே காலத்தை எடுத்துக்கொள்வோம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்குகிறார். 1907-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டுவருகிறார். அவர் சித்த மருத்துவர். வைத்தியமும் பார்த்துக்கொண்டு, நாலு பக்க இதழை ஒரு பைசாவுக்குக் கொடுத்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் உழைத்தவர்கள்கூட அதற்கு வாசகர்கள். நாடெங்கும் சுதேசிய முழக்கம் எழுந்த அந்த நேரத்தில், சாதியைக் கட்டிக்காத்துக்கொண்டு சுதேசியம் பேசுவது என்ன நியாயம் என்று கேட்டது அந்த இதழ். பெரிய பத்திரிகைகள் அந்தக் கேள்வியைத் தலையில் தூக்கிச் சுமந்திருந்தால், ஒரு வைத்தியர் எதற்காக அச்சுக்கூடம் தேடி அலைய வேண்டும்?

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமல்ல. 1920 ஜனவரியில் பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். இப்படி ஓர் இதழ் வருகிறது என்ற விளம்பரத்தைக் காசு கொடுத்தே வெளியிடச் சொல்லிக் கேட்டும், திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. இதை அம்பேத்கரே பதிவு செய்திருக்கிறார். செய்தியாகப் போடச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை. விளம்பரத்துக்கே அங்கே இடமில்லை என்றால், அந்த மக்களின் துயரத்துக்கு எந்தப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கும்?

அப்புறம் 'குடி அரசு'. 1925 மே 2-இல் ஈரோட்டில் பிறந்தது. 1933-இல் அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக ராஜ துரோக வழக்கு பாய்ந்தது. எழுதிய பெரியாரும் சிறைக்குப் போனார், வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் போனார். 'குடி அரசு' நின்றது, 'புரட்சி' வந்தது. அதற்கும் நெருக்கடி வந்தபோது 'பகுத்தறிவு' வந்தது. ஒரு பெயரை முடக்கினால் இன்னொரு பெயரில் எழுந்து நின்றார்கள் நடுவர் அவர்களே! விற்பனைக் கணக்கு பேசினார் எதிரணி நண்பர். படிப்பகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் சத்தமாகப் படிக்க, எழுத்தறியாத பலர் சுற்றி உட்கார்ந்து கேட்ட இதழ்கள் இவை. அதை எந்த விற்பனைக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

பழங்கதை என்பீர்கள். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்கு வருவோம். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அதை வெளிக்கொண்டுவந்து நீதிமன்றம் வரை போராடியது மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும். 2011-இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அன்று எல்லா நாளிதழ்களுக்கும் அது பெரிய செய்தி. நல்லது, மகிழ்ச்சி. ஆனால் நடுவே போன பத்தொன்பது ஆண்டுகளும் அந்தப் பெண்களோடு நடந்தது யார்?

ஏன் இப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எந்தச் செய்தி முதல் பக்கம், எது உள்பக்கம், எது குப்பைக்கூடை என்று முடிவு செய்கிற நாற்காலிகள் சில இருக்கின்றன. 2006-இல் தில்லியின் ஊடகங்களில் அப்படிப்பட்ட 315 மூத்த பத்திரிகையாளர்களை ஆய்வு செய்தார்கள். அதில் தலித் ஒருவர்கூட இல்லை, பழங்குடி ஒருவர்கூட இல்லை. 2019-இல் இன்னோர் ஆய்வு. தலைமைப் பொறுப்புகள் 121, அதில் 106 உயர்சாதியினர் கையில். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அப்போதும் பூஜ்யம். களத்தில் உயிரைக் கொடுத்துச் செய்தி சேகரிக்கிற நிருபர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் என் நண்பர்கள். அவர்கள் அனுப்புவது அச்சேறுமா என்பது அவர்கள் கையில் இல்லை.

நேரமணி அடித்துவிட்டது. எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாதிக் கொடுமை பற்றிய ஒரு வழக்கு. இயக்கமோ போராட்டமோ நீதிமன்றமோ பேசுவதற்கு முன்னால், ஒரு பெரும் நாளிதழ் தானாகவே அதைக் கையிலெடுத்துக் கடைசிவரை விடாமல் எழுதிய வழக்கு. ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்த்துச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.