அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ்: வீட்ல கேக் செய்யலாமா?

சரி, அடுத்த கேள்வி. இது வாய்ஸ் மெசேஜா வந்தது. நாகர்கோவில் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம்னுட்டாங்க, அதனால சொல்லல. பேசும்போதே குரல் தழுதழுக்குது, அதனால அப்படியே போடாம நானே சொல்றேன்.

இவங்க அம்மா ஜூலை மாசம் தவறிட்டாங்க. வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தா அம்மாதான் கேக், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் செய்வாங்களாம். இந்த வருஷம் அத்தை, அதாவது அப்பாவோட தங்கச்சி, "துக்க வீடு, ஸ்டார் போடக் கூடாது, பலகாரம் ஒண்ணும் சுடக் கூடாது"ன்னு போன்ல சொல்லிட்டாங்க. அப்பா எதுக்கும் பதில் பேசறதில்ல. எட்டு வயசு மகள், "பாட்டி கேக் இந்த வருஷம் கிடையாதா"ன்னு கேட்டிருக்கா. இவங்களுக்குச் செய்யணும் போலவும் இருக்கு, நடுவுல உடைஞ்சு போயிருவோமோன்னு பயமாவும் இருக்கு. அதுக்கு மேல, அம்மா அளவு எதையும் எழுதி வைக்கல. "மூணு டம்ளர் மைதா, ரெண்டு டம்ளர் சீனி, அதுதான் ஞாபகம் இருக்கு, என்ன செய்யட்டும் அக்கா"ங்கறாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். கேக் செய்யுங்க. முறுக்கும் முந்திரிக்கொத்தும் இந்த வருஷம் வேண்டாம். ஸ்டார் உங்க இஷ்டம், அதுல நான் தலையிடல.

ஏன்னு கேளுங்க. அத்தை சொல்றதை நான் தப்புன்னு சொல்ல வரல. துக்க வீட்ல அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏத்தறதில்லங்கறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் உள்ள பழக்கம். இந்து வீடுகள்ல முதல் தீபாவளி இல்லம்பாங்க, நம்ம வீடுகள்ல முதல் கிறிஸ்துமஸ் இல்லம்பாங்க. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினப்பவும் இந்தச் சட்டிப் பழக்கம் மட்டும் மாறல. ஆனா அந்தப் பழக்கத்துல சுடக் கூடாதுங்கறது பாதிதான். மீதிப் பாதி என்னன்னா, சொந்தக்காரங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும் சுட்டுக் கொண்டு வந்து குடுக்கணும். தூக்குவாளியில, சம்படத்துல, தட்டுல பேப்பர் போட்டு மூடின்னு வந்துக்கிட்டே இருக்கும். நான் சின்னப் பிள்ளையில பார்த்த துக்க வீடுகள்ல மத்த வருஷத்தை விட அந்த வருஷம்தான் பலகாரம் அதிகமா இருக்கும். ஆள் வரும், உட்காரும், ஒரு முறுக்கை உடைச்சுக்கிட்டே இறந்தவங்களைப் பத்திப் பேசும், போகும்.

யோசிச்சுப் பாருங்க, முந்திரிக்கொத்து ஒரு ஆள் செய்ற வேலையா? சிறுபயறை வறுத்துத் திரிக்க ஒரு கை, கருப்பட்டிப் பாகுக்கு ஒரு கை, சூடு ஆறுறதுக்குள்ள உருட்டணும், மாவுல முக்கி மூணு மூணாப் போட்டு எடுக்கணும். ஆள் போன வீட்ல அதுக்குத் தெம்பு ஏது? அதனால, "நீ சுடாதே, நாங்க பார்த்துக்கறோம்"னு ஒரு ஏற்பாடு. என் அபிப்பிராயம் இது. இப்ப பார்த்தா "சுடாதே" மட்டும் போன்ல வந்துருது, "நாங்க பார்த்துக்கறோம்" வர்றதில்ல. ரொம்பப் போனா பேக்கரிப் பெட்டி ஒண்ணு வருது. அத்தை முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர்றாங்கன்னா, அவங்க சொல்றதுக்கு முழு உரிமை உண்டு. வராம போன்ல மட்டும் சொன்னா, அந்தப் பழக்கத்தை நீங்க மட்டும் தூக்கிச் சுமக்கணும்னு இல்ல.

இன்னொண்ணு. "கேக்குக்குத்தான் எண்ணெய்ச் சட்டியே கிடையாதே, ஓவன்ல தானே வைக்கிறோம்"னு சில பேர் பாயிண்ட் பேசுவாங்க. பாயிண்ட் சரிதான். ஆனா அத்தைகிட்ட இந்த வக்கீல் வேலைக்குப் போகாதீங்க, எடுபடாது. வேற மாதிரி கேளுங்க. "அத்தை, பண்டிகைக்குன்னு செய்யல, அம்மா கேக் எப்படியிருக்கும்னு பிள்ளைக்குக் காட்டணும். நீங்க எத்தனையோ வருஷம் அம்மா கூட நின்னு கிண்டியிருக்கீங்க, ஒரு நாள் வந்து நில்லுங்களேன்." அவங்களுக்கும் அண்ணி போயிருக்காங்க இல்லையா? அவங்க துக்கத்தை யாரும் விசாரிச்சிருக்க மாட்டாங்க. பெரும்பாலும் வந்துருவாங்க. வந்தா உங்களுக்கு அளவும் கிடைக்கும்.

அடுத்து, உடைஞ்சு போயிருவோமோங்கற பயம். உடைவீங்க. அதை மறைக்க வேண்டாம். கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் மூணும் வெண்ணெய் சூட்டுல சேர்ந்து வர்ற வாசனை இருக்கே, அது சும்மா விடாது. கண்ணுல பார்க்கறது, காதுல கேக்கறது எல்லாம் மூளையில ஒரு இடத்துல நின்னு போகும். வாசனை மட்டும் அப்படி நிக்காம, நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிக்கு நேராப் போயிரும். அதனாலதான் போட்டோவைப் பார்த்து அழாதவங்க கூட மசாலா டப்பாவைத் திறந்து அழுவாங்க. அழுகை வந்தா அடுப்பை சிம்ல வச்சுட்டு உட்கார்ந்து அழுங்க. மாவு எங்கயும் போயிராது. பேக்கிங் பவுடர் போட்ட பிறகு மட்டும் ரொம்ப நேரம் வைக்காதீங்க, அவ்வளவுதான்.

நெதர்லாந்துல உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட்னு ரெண்டு பேர் துக்கத்தைப் பத்தி 1999ல ஒரு கட்டுரை எழுதினாங்க. எப்பவும் துக்கத்துலயே இருந்தாலும் ஆகாது, அதைத் தொடாமலே ஓடிக்கிட்டு இருந்தாலும் ஆகாது, ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறிப் போய்ட்டு வர்றதுதான் மனுஷனுக்கு இயல்புன்னு அதுல சொல்றாங்க. இங்க கேக் வேலை நல்லா ஒத்துப் போகுது. பழம் நறுக்கும்போது அம்மா ஞாபகத்துல இருப்பீங்க. முட்டை உடைக்கும்போது ஓடு விழாமப் பார்க்கணும், அங்க மனசு முட்டைக்கு வந்துரும். மறுபடி வாசனைக்கு அம்மா வருவாங்க.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். அந்த வயசு ஆம்பளைங்களை "வாங்கப்பா, மனசு விட்டுப் பேசுங்க"ன்னு கூப்பிட்டா எழுந்து வாசலுக்குப் போயிருவாங்க. கூப்பிடாதீங்க. ஒரு பலகை, ஒரு கத்தி, கால் கிலோ முந்திரி, பேரீச்சம்பழம், திராட்சை, செர்ரி எல்லாத்தையும் முன்னாடி வச்சு, "அப்பா, அம்மா எந்த அளவுக்கு நறுக்குவாங்க"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. "இவ்வளவு பெருசா இல்ல, இன்னும் பொடிசா"ன்னு அவரே கத்தியை வாங்கிருவார். பேச்சு வந்தா வரட்டும், வரலன்னாலும் பழம் நறுக்கியாச்சு. மகளுக்கு மைதா சலிக்கிற வேலை குடுங்க. சிந்தும், சிந்தட்டும். கேரமல் காய்ச்சும்போது மட்டும் அவளை அடுப்படியில நிறுத்தாதீங்க.

இப்ப அளவு. இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அம்மா எழுதி வைக்கலன்னு கவலைப்படுறீங்க, ஆனா அந்த டம்ளர் வீட்லதானே இருக்கு? அதை எடுங்க. தண்ணி ஊத்தி எத்தனை மில்லின்னு பாருங்க. நம்ம வீட்டு டம்ளர் பெரும்பாலும் 200 மில்லி இருக்கும். அதுல மைதாவை அமுக்காம நிரப்பினா 105, 110 கிராம் வரும். மூணு டம்ளர்னா சுமார் 320. சீனி கனம் ஜாஸ்தி, அதே டம்ளர்ல 170 கிராம் பிடிக்கும். ரெண்டு டம்ளர்னா 340. பார்த்தீங்களா? மூணும் ரெண்டும்னு கேட்டா கணக்கே இல்லாத மாதிரி இருக்கு, தராசுல வச்சா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. மாவு, சீனி, வெண்ணெய், முட்டை நாலும் ஒரே எடைங்கறதுதான் பழைய கேக் கணக்கு. உங்க அம்மா தராசு இல்லாமலே அதைத்தான் செஞ்சிருக்காங்க. அப்ப வெண்ணெயும் 320 பக்கம் இருக்கும், முட்டை ஆறு. இனி நீங்களே எழுதிக்கலாம்.

இந்த வருஷம் அதுல பாதி போதும். 160 மைதா, 170 சீனி, 160 வெண்ணெய், மூணு முட்டை, கால் கிலோ பழமும் பருப்பும், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், மசாலாப் பொடி அரை டீஸ்பூன். பழம் ஊற வைக்க நவம்பர்லயே மனசு வந்திருக்காது, பரவாயில்ல. நறுக்கின பழத்தை மட்டும் ஆரஞ்சு ஜூஸ் இல்லாட்டி திராட்சை ஜூஸ்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, மூடி ராத்திரி பூரா வச்சிருங்க. பருப்பை மாவோட கடைசியில போட்டாப் போதும். அந்தச் சீனியிலயே ஒரு கைப்பிடியைத் தனியா எடுத்துக் கேரமல் பண்ணுங்க. ருசி அதுலதான் இருக்கு. பொன்னிறத்துல நிறுத்தினா வெறும் இனிப்பு. நல்லாக் கறுத்து, லேசாப் புகை கிளம்பற நேரத்துல இறக்கிக் கொதிக்கிற தண்ணி கால் கப் ஊத்தினாத்தான் அந்த லேசான கசப்பு வரும். பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, மூஞ்சியில தெறிக்கும். அம்மா கேக் எவ்வளவு கறுப்புன்னு அப்பாவுக்கும் அத்தைக்கும் கண்ணு சொல்லும்.

அம்மாகிட்ட இருந்தது மேல கண்ணாடி வச்ச அலுமினிய ரவுண்டு ஓவனா இருக்கலாம். எங்க அம்மாகிட்டயும் அதுதான், அதுல சூட்டைக் காட்ட ஒண்ணுமே கிடையாது. பிளக்கைப் பிடுங்குவாங்க, மறுபடி செருகுவாங்க, அதுதான் கண்ட்ரோல். அதுலயே செய்யணும்னு ஆசை இருக்கும். வயர் பழசா இருந்தா எலக்ட்ரீஷியன்கிட்டக் காட்டாம போடாதீங்க. இப்ப உள்ள ஓடிஜி, அதாவது கரண்ட் ஓவன்னா 160 டிகிரி, ஒரு மணி நேரத்துல பார்க்க ஆரம்பிங்க, ஒண்ணே கால் மணி வரை போகலாம். ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்க, மாவு ஒட்டக் கூடாது.

அப்படியே அம்மா கேக் மாதிரி வரலன்னா? வராது, அதுக்குத் தயாரா இருங்க. கேரளாவுல தலச்சேரியில ஒரு கதை சொல்வாங்க. 1883ல மாம்பள்ளி பாபுங்கற பேக்கரிக்காரர்கிட்ட ஒரு வெள்ளைக்கார எஸ்டேட்காரர் சீமையில இருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கைக் குடுத்து, இதே மாதிரி வேணும்னாராம். பிராந்திக்கு மாஹேல போய் வாங்குன்னும் சொல்லியிருக்கார். இவர் அதை விட்டுட்டு, முந்திரிப் பழமும் வாழைப்பழமும் போட்டு ஊர்ல வடிச்ச சரக்கைச் சேர்த்துச் செஞ்சார். எஸ்டேட்காரர் சாப்பிட்டுட்டு இன்னும் ஒரு டஜன் கேட்டார்ங்கறாங்க. ருசி பார்த்தே செஞ்சது, அதுவும் மாத்திச் செஞ்சது. உங்க மகள் நாளைக்கு ஞாபகம் வச்சுக்கப் போறது நீங்க செய்ற ருசியைத்தான்.

கேரல் ரவுண்ட்ஸ், அதான் சர்ச்சுல இருந்து ராத்திரி வீடு வீடாப் பாட வர்றது, அதைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா அந்த ராத்திரி எப்படியும் வரும். இந்த வருஷம் வர வேண்டாம்னு சொல்லிறாதீங்க. வாலிபர் சங்கத்துல முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிருங்க, டிரம்ஸ் இல்லாம மெதுவா ஒரு பாட்டு, அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு நீங்களே சொல்லிருங்க. வந்த பிள்ளைங்களுக்கு ஒரு துண்டு கேக்கும் காப்பியும். பாதிக் கேக் அங்கயே முடிஞ்சிரும், நல்லதுதான். மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவோட போறவங்க போவீங்க, அது உங்க வீட்டு வழக்கப்படி.

கடைசியா ஒரு விஷயம், இது எல்லாருக்கும். அழறது வியாதி இல்ல. ஆனா மாசக்கணக்கா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, யாரையும் பார்க்கப் பிடிக்கல, நானும் போயிரலாம்னு தோணுதுன்னா, அதுக்குக் கேக்கும் கேரலும் மருந்து இல்ல, டாக்டரைப் பார்க்கணும். மனநல உதவிக்கு 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, அரசாங்கத்தோடது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். உங்க அப்பாவையும் இந்தக் கண்ணோட கொஞ்சம் கவனிச்சுக்கங்க. பேசாதவங்ககிட்டத்தான் அதிகமாப் பார்க்கணும்.

அத்தை வந்தாங்களா, அப்பா நறுக்கினாரான்னு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க தங்கச்சி. சரி, அடுத்தது... திருச்சியில இருந்து ஒரு தம்பி. குக்கர்ல கேக் வச்சா நடுவுல குழி விழுதாம். தம்பி, நடுவுல எத்தனை தடவை மூடியைத் திறந்து பார்த்தீங்க?