சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்ல போட்டிருக்கற நேரம் எப்படி வருது?

[திரையில்: வரைபடம். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை ஒரு கோடு]

சென்னைல இருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்துல பறக்குதுன்னு வெச்சுக்குவோம். வகுத்தா 3 மணி 25 நிமிஷம். டிக்கெட்லயோ கிட்டத்தட்ட 4¼ மணி நேரம்னு இருக்கும். மிச்சம் 50 நிமிஷம் எங்க போச்சு?

முதல்ல தூரம். அந்த 2,900, உருண்டை பூமி மேல ஒரு நூலை இழுத்துப் பிடிச்சா வர்ற அளவு. வங்காள விரிகுடா, கிரேட் நிக்கோபார் தென்முனைப் பக்கம், சுமத்ராவோட வடக்குன்னு அந்த நூல் போகும். விமானம் அப்படியே அது மேல போகாது. அதுக்குன்னு வான்பாதை இருக்கு. நடுவுல இடிமேகம் வந்தா ஒதுங்கியும் போகணும். சில இணையதளங்கள்ல இதே தூரம் 1,600-க்கும் குறைவா இருக்கும். அது கடல் மைல் கணக்கு. 1 கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர்.

[திரையில்: கேட்டிலிருந்து பின்னால் நகரும் விமானம்]

டிக்கெட்ல இருக்கறது வானத்துல பறக்கற நேரம் மட்டும் இல்ல. இங்க கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அங்க கேட்ல போய் நிக்கற வரைக்கும். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போறது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையறது, சாங்கி மேல நெரிசல்னா சுத்தறது, எல்லாம் இதுல சேரும். விமான நிறுவனங்களும் கையில கொஞ்சம் நிமிஷம் கூட்டித்தான் போடுவாங்க. "முன்கூட்டியே வந்துட்டோம்"னு அறிவிப்பு வந்தா ரொம்பப் பூரிச்சுப் போக வேண்டாம்!

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் காத்துதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்துல கீழே காத்து மேற்குல இருந்து வரும். அதே சமயம் ரொம்ப உயரத்துல, நேர் எதிரா, கிழக்குல இருந்து ஒரு காத்தாறு ஓடும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று. இதை 1958-ல விளக்கி எழுதினவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம். காத்து உச்ச வேகத்துல ஓடறது விமானம் பறக்கற உயரத்துக்கும் மேல; ஆனா கீழ் ஓரம் உரசும். சராசரியா மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காத்து இருந்தாக்கூட, போற நேரம் கால் மணி கூடிடும். திரும்பி வரும்போது அதே காத்து பின்னால இருந்து தள்ளும்.

[திரையில்: இரண்டு கடிகாரங்கள்]

கடைசியா கடிகாரம். சிங்கப்பூர் நம்மள விட 2½ மணி நேரம் முன்னால இருக்கு. 1982-க்கு முன்னால இது 2 மணி நேரம்தான். அந்த வருஷம் அவங்க கடிகாரத்தை அரை மணி தள்ளி வெச்சுக்கிட்டாங்க. சென்னைல ராத்திரி 11-க்குக் கிளம்பினா, 4¼ மணி நேரம் பறந்து, அங்க காலைல 5.45-க்கு இறங்குவீங்க. தூக்கம் போச்சு. அங்க ராத்திரி 8-க்குக் கிளம்பினா, இங்க 9.45-க்கே வந்துடுவீங்க.

டிக்கெட்ல ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம். அழைச்சிட்டுப் போக வர்றவங்ககிட்ட அந்த 9.45-ஐ அப்படியே சொல்லுங்க. இன்னொரு தடவை 2½ மணி நேரத்தைக் கழிச்சிடாதீங்க.